ஊர்க்குளத்தையும் மறுகால் ஓடையையும் மீட்டெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் பழைய பாசனக் குளம் ஒன்றையும் அதிலிருந்து இறங்கும் ஓடையையும் மீட்டு, மக்கள் நடக்கவும் குளிக்கவும் பிள்ளைகள் கற்கவும் ஏற்ற இடமாக்க விரும்பும் ஊர்க்குழுக்கள், பள்ளிகள், பேரூராட்சி உறுப்பினர்கள் ஆகியோர் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்பட்டுள்ளன. கோயில் தெப்பக்குளங்களுக்கு இவற்றுள் சிலவே பொருந்தும். அவற்றின் நீர்வரத்தும் நிர்வாகமும் வேறு.

வேலையை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

குளத்துக்குத் தண்ணீர் வரும் வழியான வரத்துக்காலிலிருந்தும், அது நிரம்பியபின் தண்ணீர் போகும் வழியான மறுகாலிலிருந்தும் தொடங்க வேண்டும். பெரும்பாலான ஊர்களில் நன்கொடை திரண்டதும் முதலில் பொக்லைன் இயந்திரத்தைக் குளத்துக்குள் இறக்குகிறார்கள். அடுத்த மழைக்கு வரத்துக்கால் அடைபட்டிருப்பதால் குளம் பாதிகூட நிரம்பாமல் போகிறது, அல்லது மறுகால் அடைபட்டிருப்பதால் தண்ணீர் தெருவுக்குள் புகுகிறது. 2021 நவம்பர் மழையில் இம்மாவட்டத்தின் தாழ்வான பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு மறுகாலின் பயனை விளக்கத் தேவையில்லை.

நாஞ்சில் நாட்டுக் குளங்கள் தனித்தனியாக நிற்பவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1897-ல் தொடங்கி 1906-ல் முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும், பிற்காலத்துப் பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளும், பரளியாற்று நீரைப் பழையாற்றுக்குத் திருப்பும் பாண்டியன் காலும் சேர்ந்த கோதையாறு பாசன அமைப்பிலிருந்து தோவாளை சானல், அனந்தனார் சானல், புத்தனார் சானல் எனப் பிரிந்து வரும் தண்ணீரே இங்குள்ள பல குளங்களை நிரப்புகிறது. மேற்குளத்தின் மறுகால் நீர் கீழ்க்குளத்தின் வரத்தாக அமைவது வழக்கம். ஆகவே உங்கள் குளத்துக்கு மேலே எந்தக் குளம், கீழே எந்தக் குளம் என்று கிராம வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்து, அந்தக் கோட்டின் நெடுகிலும் ஒரு முறை நடந்து வந்த பிறகே மதிப்பீடு எழுதுவது நல்லது. கல்குளம், விளவங்கோடு பக்கம் நிலைமை சற்று வேறு. அங்கே குன்றுகளுக்கு இடைப்பட்ட சிறு குளங்களில் பலவற்றுக்குச் சானல் தண்ணீரைவிடச் சரிவிலிருந்து இறங்கும் மழைநீரும் ஊற்றுமே ஆதாரம். எனவே சுற்றியுள்ள விளைகளிலும் (மேட்டுத் தோட்ட நிலங்களிலும்) ரப்பர் தோட்டங்களிலும் மண் அரிப்பைத் தடுப்பது அங்கே முதல் வேலையாகிறது.

யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

குளம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பாசனக் குளங்களில் ஒரு பகுதி நீர்வளத்துறையிடமும், சிறிய குளங்கள் பலவும் ஊராட்சி ஒன்றியம், ஊராட்சி, பேரூராட்சி ஆகியவற்றிடமும் உள்ளன; கோயில் குளங்கள் கோயில் நிர்வாகமான தேவசத்தின் பொறுப்பு. கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் புல எண்ணைப் பார்த்தால் வகைப்பாடு தெரிந்துவிடும். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்க வேண்டாம். நல்லெண்ணத்தோடு செய்த வேலை மண் கடத்தல் புகாராக மாறுவது அரிய செய்தி அல்ல.

குளத்தின் உண்மையான எல்லையை எப்படி அறிவது?

புல வரைபடத்தை வைத்து நில அளவர் அளந்து கல் நடுவதே ஒரே வழி. ஊர்ப் பெரியவர்களின் நினைவு உதவும், ஆனால் வழக்கு என்று வந்தால் நில்லாது. பொதுப்பணித்துறையின் பொறுப்பில் இருந்த குளங்களின் எல்லையை அளந்து அறிவிக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் வகை செய்கிறது. குளம், குட்டை போன்ற பொது நீர்நிலைகளைக் காக்க வேண்டும், அவற்றை வீட்டுமனைக்கு ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் தீர்ப்பளித்தது.

ஆக்கிரமிப்பு அகற்றுதலை ஊர்க்குழு தன் தலையில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளவும் கூடாது. அளவீடு கேட்டு மனு கொடுப்பதும் அதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதும் குழுவின் வேலை. அகற்றுவது அரசின் வேலை. நான்கு தென்னையை வைத்துக் கரையை நகர்த்தியவரையும், போக வேறு இடமின்றிக் குளத்தங்கரையில் குடிசை போட்டவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும் கூட்டங்கள் பெரும்பாலும் சண்டையில்தான் முடிகின்றன. பின்னவருக்கு மாற்று இடம் கேட்டு அதே மனுவில் எழுதுங்கள்.

எந்த மாதங்களில் வேலை செய்யலாம்?

மார்ச் முதல் மே வரை. அணைகளிலிருந்து பாசனத் தண்ணீர் வழக்கமாக ஜூனில் திறக்கப்பட்டுக் கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரண்டு போகமும் முடியும் பிப்ரவரி வரை ஓடுகிறது. அது நின்ற பிறகுதான் சானலும் குளமும் வற்றும். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்குவதற்குள் கரை வேலை முடிந்து, மண் இறுகியிருக்க வேண்டும். கோடை மழை இடையில் குறுக்கிடும் என்பதால், மார்ச்சில் தொடங்க வேண்டுமானால் அனுமதிக்கான மனு முந்தைய அக்டோபரிலேயே அலுவலகத்தில் இருப்பது நல்லது.

எவ்வளவு ஆழம் தூர் வாரலாம்? அந்த மண்ணை என்ன செய்வது?

ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்ற எண்ணமே பல குளங்களைக் கெடுத்திருக்கிறது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. அது கோடையில் மீனுக்கும் ஆமைக்கும் ஆட்டுமாட்டுக்கும் உதவும் இருப்பு மட்டுமே. அப்படிப்பட்ட பள்ளம் குளத்தின் நடுப்பகுதியில் ஓரளவு இருந்தால் போதும். அதற்கு மேல் தோண்டினால், காலங்காலமாகப் படிந்து நீரைப் பிடித்து வைத்திருக்கும் களிமண் அடுக்கு உடைந்து, நிரம்பிய குளம் சில வாரங்களில் தரைக்குள் இறங்கிவிடக்கூடும். கரையின் அடியை ஒட்டித் தோண்டுவது இன்னும் ஆபத்து: கரை சரியும்.

பொழுதுபோக்குக்கான குளத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மண் விற்கும் நோக்கத்தோடு ஆங்காங்கே செங்குத்தாக வெட்டப்பட்ட குழிகள் தண்ணீர் நிறைந்தபின் கண்ணுக்குத் தெரிவதில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்து போகும் சிறுவன் அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் பள்ளத்தில் விழுகிறான். குளங்களில் நிகழும் நீரில் மூழ்கிய சாவுகளில் இத்தகைய குழிகளுக்கும் பங்கு உண்டு. கரையிலிருந்து நடுவை நோக்கிச் சீரான, மெல்லிய சரிவு இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, வேலை முடிந்ததும் தண்ணீர் வருவதற்கு முன்பே நேரில் இறங்கி அளந்து பார்த்துவிட வேண்டும்.

வாரிய வண்டல் வயலுக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் ஏற்றது. 1959-ஆம் ஆண்டுச் சிறு கனிமச் சலுகை விதிகளின்படி விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் உரிய அனுமதி பெற்று இதைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். 2024 முதல் இந்த அனுமதியை வட்டாட்சியரிடமே பெற முடிகிறது. மண்ணைக் கரையோரத்தில் குவித்து வைத்தால் முதல் மழையிலேயே திரும்பக் குளத்துக்குள் வந்துவிடும்.

ஆகாயத்தாமரையை ஒழிக்க முடியுமா?

ஒரு முறை வாரி எடுத்து ஒழித்துவிட்டோம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி ஏற்ற சூழலில் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இரு மடங்காகப் பெருகக்கூடியது. அதன் விதைகள் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். முழுமையாக வாரிய பின் மாதம் ஒரு முறை சிறு வள்ளத்தில் சென்று புதிதாக முளைத்தவற்றைப் பூக்கும் முன் எடுப்பதும், வரத்துக்கால் குளத்தில் சேரும் இடத்தில் மிதக்கும் மூங்கில் தடுப்பு ஒன்றைக் கட்டி மேற்குளத்துச் செடிகளை அங்கேயே பிடிப்பதும் பயன் தரும். களைக்கொல்லி தெளிக்கக் கூடாது. மக்கள் குளிக்கும், மாடு குடிக்கும் தண்ணீர் என்பது ஒரு காரணம். மொத்தமாக மடியும் செடிகள் அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி தீர்ந்து மீன்கள் செத்து மிதப்பது மற்றொரு காரணம்.

இச்செடி செழிப்பதே தண்ணீரில் சாக்கடைச் சத்து மிகுந்திருப்பதற்கு அடையாளம். அதை நிறுத்தாதவரை வாரும் செலவு ஆண்டுதோறும் வரும்.

தாமரைக் குத்தகையை நிறுத்த வேண்டுமா?

முழுவதும் நிறுத்தத் தேவையில்லை. தோவாளைப் பூச்சந்தைக்கும் கோயில்களுக்கும் போகும் தாமரையால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் நீர்ப்பரப்பு முழுவதும் இலை மூடினால் அடியில் வெளிச்சம் குறையும், திறந்த நீரில் இரை தேடும் பறவைகளும் வேறு குளத்துக்குப் போய்விடும். பரப்பில் ஒரு பங்கைக் கயிறு கட்டிப் பிரித்து அதற்குள் மட்டும் வளர்ப்பது என்று குத்தகை நிபந்தனையில் சேர்க்கலாம்.

வயலே இல்லாத ஊரில் குளம் எதற்கு?

மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான் என்பது என் கருத்து. இம்மாவட்டத்தில் ஏலா ஏலாவாக (வயல்வெளி வயல்வெளியாக) நெல் விளைந்த நிலங்கள் வாழைக்கும் தென்னைக்கும் ரப்பருக்கும் பிறகு வீட்டுமனைக்குமாக மாறிவிட்டன. நெல் இருந்தவரை குளத்துக்குக் காவல் தேவைப்படவில்லை. மடையில் கசிவு இருந்தால் மறுநாள் காலையிலேயே அடிப்பத்து (கடைமடை) விவசாயி சத்தம் போடுவார், கரையில் எலிவளை தெரிந்தால் அன்றே அடைக்கப்படும். வயல் போனதும் அந்தத் தினசரிக் கண்காணிப்பு போய்விட்டது. குளம் யாருடைய கவலையிலும் இல்லாத இடமாகி, குப்பை கொட்டும் பள்ளமாகி, பிறகு பேருந்து நிலையத்துக்கும் சந்தைக்கும் தோதான புறம்போக்காகக் கண்ணில் படத் தொடங்குகிறது.

எனவே நடைபயிற்சியையும் குளியலையும் பள்ளி வகுப்பையும் பொழுதுபோக்கு என்ற அளவில் மட்டும் மதிப்பிடக் கூடாது. தினமும் கரையில் நடக்கும் ஐம்பது பேர் இருந்தால் கரை உடைப்பும் கழிவுநீர்க் குழாயும் வெளியே தெரியும். அதே சமயம், மிச்சமிருக்கும் வயலுக்கே தண்ணீரில் முதல் உரிமை. படகு ஓட வேண்டும் என்பதற்காக மடையை அடைத்து வைப்பதோ, அறுப்புக் காலத்தில் மட்டத்தை உயர்த்தி ஓரத்து வயலை மூழ்கடிப்பதோ கூடாது. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் உங்கள் பகுதியில் இயங்கினால், அதன் தலைவரைக் குழுவில் சேர்க்காமல் எந்தத் திட்டமும் எழுத வேண்டாம்.

கரையைச் சுற்றிக் கான்கிரீட் சுவரும் டைல்ஸ் நடைபாதையும் போடலாமா?

சாலையை ஒட்டிய பகுதிக்கும் அரிப்பு மிகுந்த வளைவுக்கும் கருங்கல் பக்கச்சுவர் தேவைப்படலாம். நான்கு பக்கமும் செங்குத்துச் சுவர் எழுப்பினால் குளம் தொட்டியாகிவிடுகிறது. தவளையும் ஆமையும் கரையேற முடியாது, நாமக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் கூடு வைக்கும் கோரை விளிம்பு இருக்காது, தவறி விழுந்த பிள்ளை பிடித்து ஏறவும் வழி இருக்காது. தண்ணீரை நோக்கிய சரிவில் வெட்டிவேரும் தாழையும், கரைக்கு வெளிப்புற அடியில் பனையும் புன்னையும் புங்கமும் நிற்கட்டும். கரையின் உச்சியிலேயே பெருமரம் நட்டால், அது பட்டுப்போன பின் அழுகும் வேரின் வழியே கசிவு தொடங்கும். 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் வேரோடு சாய்ந்த மரங்களை நினைத்தால், சாயும் மரம் கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும் என்பதும் புரியும்.

நடைபாதைக்குச் செம்மண்ணும் சரளையும் இட்டு இறுக்கிய பாதை போதும். மழையில் வழுக்காது, செலவும் குறைவு. வண்ண விளக்குகளும் செயற்கை நீரூற்றும் வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்கள். மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று கேட்டால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

குளத்தில் குளிக்க அனுமதிக்கலாமா?

தண்ணீரைப் பரிசோதித்த பிறகு அனுமதிக்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டின்படி, திறந்தவெளியில் குளிக்க ஏற்ற நீரில் கரைந்த உயிர்வளி லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், உயிர்வேதி உயிர்வளித் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகள் எடுத்துக்கொள்ளும் உயிர்வளி) 3 மில்லிகிராமுக்கு மேற்படாமலும், மொத்தக் கோலிஃபார்ம் பாக்டீரியா 100 மில்லிலிட்டரில் 500-க்கு மேற்படாமலும், கார அமிலக் குறியீடு 6.5-க்கும் 8.5-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். கோடையின் முடிவில் ஒன்று, மழைக்காலத்தில் ஒன்று என ஆண்டுக்கு இரு முறையாவது சோதித்து, முடிவைக் கடவில் (படித்துறையில்) பலகையில் எழுதி வைக்க வேண்டும். முடிவு மோசமாக இருந்தால் அதையும் எழுத வேண்டும்.

மழை வடிந்த நாட்களில் எலிக்காய்ச்சல் பரவக்கூடும் என்பதால் காலில் புண் உள்ளவர்கள் இறங்கக் கூடாது. கோடையில் மட்டம் தாழ்ந்து வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் மூளையைத் தாக்கும் அமீபா பெருகும். பக்கத்துக் கேரளத்தில் 2024-ல் இதனால் இறப்புகள் நிகழ்ந்தன. இந்த அமீபா மூக்கின் வழியாகவே மூளையை அடைகிறது, குடிப்பதால் வருவதில்லை. ஆகவே அந்த மாதங்களில் முங்கிக் குளிப்பதையும் குதிப்பதையும் நிறுத்தி வைப்பதே பாதுகாப்பு. பெண்களுக்குத் தனிக் கடவும் உடைமாற்றும் அறையும் இல்லாத குளம் பாதி ஊருக்கு மூடப்பட்ட குளம்.

என்ன மீன் விடலாம்?

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுள்ளது. அதை எக்காரணத்தாலும் விட வேண்டாம். திலேப்பியா பெரும்பாலான குளங்களில் ஏற்கெனவே இருக்கிறது, மேலும் சேர்க்கத் தேவையில்லை. விரால், கெண்டை, நாட்டுக் கெளுத்தி, அயிரை ஆகியவை வரத்துக்கால் திறந்திருந்தால் பெரும்பாலும் தாமாகவே வந்து சேரும்.

மறுகால் ஓடை சாக்கடையாகிவிட்டது. அதையும் மீட்க முடியுமா?

முடியும், ஆனால் குளத்தைவிட இதற்கு நாளும் பொறுமையும் அதிகம் வேண்டும். குளத்துக்கு ஒரு கரை. ஓடைக்கு நூறு வீட்டுக் கொல்லைகள். முதலில் ஓடையில் வந்து சேரும் ஒவ்வொரு குழாயையும் நடந்து சென்று வரைபடத்தில் குறித்து, கழிப்பறைக் குழாய், குளியலறைத் தண்ணீர், கடை அல்லது பட்டறைக் கழிவு என மூன்றாகப் பிரியுங்கள். கழிப்பறைக் குழாய்க்குச் சமரசம் இல்லை. உறிஞ்சுகுழியோடு கூடிய கழிவுத்தொட்டி அமைக்கும்படி உள்ளாட்சி அறிவிப்பு அனுப்ப வேண்டும். குளியலறைத் தண்ணீரை வாழையும் சேம்பும் கல்வாழையும் நட்ட சரளைப் படுகை வழியே விட்டால் பெருமளவு தெளியும். கடலோரத்துக்கு அருகிலுள்ள ஊர்களில் கதம்பை (தேங்காய் மட்டை) அழுகவிடும் வழக்கம் உண்டென்றால் அதற்கு ஓடையிலிருந்து விலகிய தனிக் குட்டை ஒதுக்க வேண்டும். அழுகும் கதம்பை நீரின் உயிர்வளியை உறிஞ்சி, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவை வெளியிடும்.

அடுத்தது ஓடையின் வடிவம். நேராக்கி, அடியிலும் பக்கத்திலும் கான்கிரீட் பூசிய ஓடையில் வெள்ளம் விரைந்து இறங்கிக் கீழூரைத் தாக்குகிறது. கோடையில் அது வெறும் வாய்க்காலாகக் காய்கிறது. இடமுள்ள இடத்தில் வளைவையும், கல்லும் மணலும் கலந்த அடித்தளத்தையும், ஆங்காங்கே சிறு மடுவையும் விட்டு வையுங்கள். பாலங்களுக்கு அடியில் குழாய் பதிப்பதைவிடப் பெட்டி வடிவப் பாலமே நல்லது. குழாயில் தென்னமட்டை ஒன்று குறுக்கே மாட்டினால் ஊரே மூழ்கும்.

பள்ளி மாணவர்கள் இங்கே எதைக் கற்கலாம்?

விழாவுக்கு அழைத்து வந்து மரம் நட்டுப் படம் எடுத்து அனுப்புவதைக் கற்றல் என்று கொள்ள முடியாது. ஒரே அளவீட்டை ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் எடுப்பதில்தான் பிள்ளைகளுக்கு அறிவியல் பிடிபடும். மடைச் சுவரில் அளவுகோல் வரைந்து வாரம் ஒரு நாள் நீர்மட்டத்தைக் குறிக்கலாம். பள்ளி மொட்டை மாடியில் மழைமானி வைக்கலாம்: 1 ஹெக்டேர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 10,000 லிட்டர் தண்ணீர். 1 ஹெக்டேர் குளத்தில் சராசரியாக 1 மீட்டர் ஆழம் நீர் நின்றால் அது 1 கோடி லிட்டர். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்து, நேற்றைய மழைக்குக் குளம் ஏன் இவ்வளவுதான் உயர்ந்தது, மீதி எங்கே போனது என்று எட்டாம் வகுப்பு மாணவியிடம் கேட்டுப் பாருங்கள்; வரத்துக்கால் அடைப்பை அவளே கண்டுபிடித்துச் சொல்வாள்.

ஓடையில் பத்து மீட்டர் தூரத்தை அளந்து, ஒரு கதம்பைத் துண்டை மிதக்கவிட்டு அது கடக்கும் நேரத்தைக் குறித்தால் மேற்பரப்பின் வேகம் கிடைக்கும். அடியில் ஓட்டம் குறைவு என்பதால் அதை 0.85-ஆல் பெருக்கி, ஓடையின் குறுக்குப் பரப்பாலும் பெருக்கினால் ஒரு வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது தெரியும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டைக் கறுப்பும் வெள்ளையுமாக நான்காகப் பிரித்துப் பூசி, கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணிலிருந்து மறையும் ஆழத்தை அளக்கும் செக்கி வட்டுச் சோதனைக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. தண்ணீரின் தெளிவு மாதந்தோறும் எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிட எளிய சோதனை இல்லை.

பறவைகளைப் பொறுத்தவரை இம்மாவட்டப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்க்கப்பட்டன. அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கு வரும் நீலச்சிறகியும் மீசை ஆலாவும் உங்கள் ஊர்க்குளத்திலும் இறங்குகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதே நல்ல செயல்திட்டம். இறங்கவில்லை என்றால் அதுவும் ஒரு தரவு. ஆண்டுக்கு ஒரு முறை வெளியே அழைத்துச் செல்ல முடிந்தால், பட்டணங்கால் தண்ணீரைப் பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் கடத்தும் மாத்தூர் தொட்டிப் பாலத்துக்குச் செல்லலாம். 1966-ல் கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் மேல் ஓடும் தண்ணீரையும் கீழே ஓடும் ஆற்றையும் ஒருசேரப் பார்க்கும் பிள்ளைகளுக்குச் சாய்மானம் பற்றிய பாடத்தைத் தனியாக நடத்த வேண்டியிருக்காது.

ஆண்டுப் பராமரிப்புக்கு எதையெல்லாம் கணக்கில் வைக்க வேண்டும்?

களை எடுக்கும் கூலி, மடை ஷட்டருக்கு எண்ணெயும் துருநீக்கமும், நீர்ப் பரிசோதனைக் கட்டணம், கடவுப் படிகளில் பாசி தேய்த்தல், ஆழ எச்சரிக்கைப் பலகைகளுக்கு மறு வண்ணம், கயிறும் மிதவையும். மே மாதக் கடைசி வாரத்தில் மறுகாலை நீளம் முழுவதும் நடந்து பார்த்து, சிக்கிய குப்பையை அகற்றிவிட்டு, ஷட்டரை ஒரு முறை முழுதாக ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். அதன் சாவி ஒரே ஒருவரிடம் இருக்கக் கூடாது. இரவு மழையில் அவர் திருவனந்தபுரத்தில் இருக்கக்கூடும்.